போட்டுக்கொண்டதாகச் சொன்னவர்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னாலிருக்கிற ஊர்களில் அந்த ஐப்பசி முழுக்க ஜான்சி வீடு வீடாக ஏறி இறங்கினாள். சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா என்று வருஷக்கணக்கில் மருந்து சாப்பிடுகிற பெரியவர்களைத் தேடிப் போய், கடந்த ஓராண்டில் ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா என்று கேட்க வேண்டும். போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை, ஏன் போடவில்லை. இவ்வளவுதான் வேலை. சிதம்பரத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் சந்திரலேகா நடத்திய ஆய்வு அது. கடலூரிலும் சிதம்பரத்திலும் சில தெருக்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தார்கள்.

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். பதில்தான் பிடிபடாது. "கொரோனா ஊசியா? அதெல்லாம் அப்பவே ஆச்சி" என்பார்கள். அது வேறு, இது வேறு என்று சொன்னால், நாய் கடித்தபோது போட்டதைச் சொல்வார்கள். கையில் ஆணி குத்தியபோது போட்டதைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் விலக்கி, இது குளிர்கால ஜுரத்துக்கானது, வருஷா வருஷம் போடுவது என்று விளக்கினால், பெரும்பாலானவர்கள் ஜான்சியை ஏற இறங்கப் பார்த்து, "இப்படி ஒரு ஊசி இருக்குதா? ஏன் எங்களுக்கு யாரும் சொல்லல?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். கேள்விகள் முடிந்த பிறகு, நீங்கள் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இறங்கும்போது எதையோ உள்ளே வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஜான்சியின் வீடு ஓ.டி. என்கிற கடலூர் பழைய நகரத்தில். கணவன் செம்பியன் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறான். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அப்பா சின்னையன் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்ப நாளாகச் சர்க்கரை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அம்மா சவரியம்மாள் இறந்த பிறகு கடலூருக்கு வந்துவிடச் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. டெப்போ ஆட்கள் டீ குடிக்க வருகிற கடை பக்கத்தில் இருக்கிறது, அது போதும் என்றார்.

சிதம்பரத்துத் தெருக்களைப் பார்த்தவன் கலைமணி. ஜான்சியைவிட வயதில் இளையவன், ஆய்வுக்குப் புதியவன். ஒரு நாள் காலையில் ஓ.டி. பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, நேத்து உங்க அப்பாவப் பாத்தேன். லிஸ்டுல அந்தத் தெரு வந்துச்சி. பேசிக்கிட்டே இருக்கும்போதுதான் உங்க அப்பான்னு தெரிஞ்சிது. ஒரே பெருமை அவருக்கு. எம் பொண்ணுதான் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுச்சின்னு சொன்னாரு."

ஜான்சி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டதில்லை. போட வேண்டும் என்று நினைத்ததுண்டு. இந்த வேலைக்குச் சேர்ந்து பயிற்சி எடுத்த அன்றைக்கே நினைத்தாள். அடுத்த முறை சிதம்பரம் போகும்போது என்று வைத்திருந்தாள். அடுத்த முறை போனபோது மகளுக்குப் பரீட்சை, உடனே திரும்ப வேண்டியிருந்தது. அதற்கடுத்த முறை போகவே இல்லை.

ஒருவர் வீட்டில் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது ஆய்வின் முதல் விதி. கலைமணிக்கு அது சொன்ன பிறகுதான் உறைத்தது. "சாரிக்கா, தெரிஞ்சவங்கன்னு வாய் வுட்டுட்டேன்" என்றான். அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. முதல் வீட்டிலேயே கேள்விகளை மாற்றிக் கேட்டாள். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, "ஒடம்பு சரியில்லியாம்மா ஒனக்கு?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காற்றில் ரசாயன நெடி வழக்கத்தைவிட ஜாஸ்தியாக இருந்த மாதிரி பட்டது. தெருமுனைக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

எடுத்ததும் இருமல்தான் கேட்டது. பிறகு குரல். என்ன இருமல் என்றாள். தூசி என்றார். கணக்கெடுக்க ஆள் வந்தார்களா என்று கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். அவராகவே, "உங்க ஆபீஸ் தம்பி ஒன்னு வந்துச்சி. நல்ல புள்ள" என்றார். அதோடு பேச்சை மாற்றினார். அவர் சொல்லாமல் விட்டதுதான் அன்று மத்தியானம் வரைக்கும் அவள் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. மீதியிருந்த வீடுகளை மறுநாளைக்குத் தள்ளிவிட்டு, சிப்காட் நிறுத்தத்தில் சிதம்பரம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினாள். ஆலப்பாக்கம் தாண்டி மழை பிடித்தது. புதுச்சத்திரத்தில் பஸ் நின்று நின்று போனது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, டிரைவரே வேண்டுமென்று தாமதப்படுத்துவது போல அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா கதவைத் திறந்தபோது கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். கண் இடுங்கியிருந்தது. சொல்லாமல் வந்ததற்குக் காரணம் கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள்.

"ஒக்காரு பாப்பா. ஏன் சுத்திச் சுத்தி வர?" என்றார்.

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. நான் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டேன் என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு, இதைக் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது.

சின்னையன் துண்டு முனையைத் திருகினார்.

"போடலன்னு சொன்னா அந்தத் தம்பி என்னா நெனைக்கும்? ஊரெல்லாம் போயி ஊசி போட்டியா போட்டியான்னு கேக்குற பொண்ணு, பெத்த அப்பனுக்குப் போடலியான்னு நெனைக்காதா?"

"நான் ஊசி போடற ஆளு இல்லப்பா. கேக்குற ஆளு."

"அது எனக்குத் தெரியும். அவுங்களுக்குத் தெரியுமா?"

கலைமணிக்கு அது நன்றாகவே தெரியும். அவள் பெயர் கெடக்கூடாது என்று ஒரு மனிதர் முன்பின் தெரியாத ஆளிடம் பொய் சொல்லியிருக்கிறார். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவள்தான் ஒன்றும் செய்யவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சட்டையைப் போடுங்கள், இப்போதே போய்ப் போட்டுவிட்டு வருவோம் என்றாள்.

அவர் வழக்கமாகப் போகிற கிளினிக்கில் கூட்டம். மழையில் நனைந்த குழந்தைகள், இருமுகிற ஆட்கள். ஊசி மருந்து இருக்கிறதா என்று அவள் உள்ளே இருந்த நர்ஸிடம் முதலில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். குளிர்பெட்டியில் இருந்தது. முறை வந்ததும் டாக்டர் அப்பாவின் மணிக்கட்டைத் தொட்டார். தெர்மாமீட்டரை எடுத்தார்.

"ஜுரம் இருக்கே. இப்ப வேணாம். எறங்கட்டும், அப்பறம் போடலாம்."

எத்தனை நாளாக ஜுரம் என்று டாக்டர் கேட்டார். அப்பா மகளைப் பார்க்காமல், முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து என்றார். காலையில் போனில் தூசி என்று சொன்னவர் அவர்தான். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். மாத்திரை எழுதித் தந்தார்.

செம்பியனுக்கு அன்று இரவு ஷிப்ட். வீட்டில் மகள் தனியாக இருப்பாள். அப்பாவைக் கூட வரச் சொன்னாள், ஜுரத்தோடு பஸ்ஸில் அலைய முடியாது என்றார். அதுவும் சரிதான். பக்கத்து வீட்டு மாரியம்மாளிடம் சொல்லிவிட்டு, கடைசியில் அவள் மட்டும் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் இறங்கிவிடலாமா என்று இருந்தது. முட்லூர் வரைக்கும் அந்த எண்ணம் விடவில்லை. கடலூர் வந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது.

விடிந்ததும் மாரியம்மாளின் போன். "ஜான்சி, ஒங்கப்பாவுக்கு மூச்சு இழுக்குது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கி வந்துடு."

செம்பியன் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கைத் திருப்பினான். போகிற வழியெல்லாம் ஜான்சி பின்னால் உட்கார்ந்து மாதாவை வேண்டிக்கொண்டு வந்தாள். நடுவில் வேண்டுதல் நின்று கணக்கு ஓடியது. போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போயிருந்தால். அதற்கு முந்தின மாதம் போயிருந்தால். ஊசி போட்டாலும் வராமல் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தாலும் பெரும்பாலும் இவ்வளவு முற்றாது என்று பயிற்சியிலேயே கேட்டிருக்கிறாள்.

சளி மாதிரியை எடுத்துப் பார்த்ததில் ஃப்ளூதான் என்று வந்தது. நெஞ்சில் நிமோனியா கட்டியிருந்தது. சர்க்கரை எகிறிக் கிடந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். இதயம் தாங்க வேண்டும் என்று டியூட்டி டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஜான்சிக்கு வார்டுக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். காவலாளி, "ஒரு ஓரமா ஒக்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள். அவர் அந்தப் பக்கம் போனதும் எழுந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்து டாக்டர் சந்திரலேகா மறுநாள் பார்க்க வந்தார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, தேறிவிடுவார் போலத்தான் இருக்கிறது, இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும் என்றார். அவர் கிளம்பப் போகும் நேரத்தில் ஜான்சி, ஒன்று சொல்ல வேண்டும் என்று நிறுத்தினாள். அப்பாவிடம் எடுத்த பதில் உண்மையல்ல என்றாள். கலைமணியின் பெயரைச் சொல்ல மனமில்லை. ஆனால் அவன் ஏற்கெனவே தானே போய் டாக்டரிடம் வாய்விட்டதை ஒப்புக்கொண்டிருந்தான்.

அந்தப் பதிலை மாற்றிவிடலாமா என்று ஜான்சி கேட்டாள். டாக்டர் முடியாது என்று தலையசைத்தார்.

"உங்களுக்குத் தெரியுங்கறதால மாத்த முடியாது ஜான்சி. அவர் சொன்னதுதான் பதில். ஆனா ஒரு பொண்ணு பேருக்காக ஒருத்தர் ஆமான்னு சொல்லியிருந்தா, வேற யார் யார் பேருக்காக எத்தன பேர் சொல்லியிருப்பாங்க? அத நாம பார்த்தாகணும்."

அவர் இரண்டு நாளில் முடிவு செய்தார். போட்டதாகச் சொன்ன எல்லோரையும் வேறு ஒருவர் போய் மறுபடி பார்க்க வேண்டும். போட்டீர்களா என்று கேட்காமல், எங்கே போட்டது, யார் சொல்லிப் போட்டது, எந்தக் கையில் என்று பேச்சாகக் கேட்க வேண்டும். சீட்டோ குறுஞ்செய்தியோ இருந்தால் பார்க்க வேண்டும். சின்னையன் வீட்டுக்கு ஜான்சியும் போகக்கூடாது, கலைமணியும் போகக்கூடாது.

சின்னையன் தேறினார். மெல்லத்தான். ஆக்ஸிஜனை எடுத்த அன்று ரசம் சாதம் கேட்டார். அதைக் கேட்டதும் ஜான்சி ஆஸ்பத்திரிக் குழாயடியில் போய் நின்று அழுதாள். வீட்டுக்கு வந்த பிறகு சில வாரம் அவரோடு சிதம்பரத்திலேயே தங்கி, பகலில் கடலூருக்கு வேலைக்குப் போய் வந்தாள். மகளைச் செம்பியனின் அக்கா பார்த்துக்கொண்டாள். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். எந்த ஊரில் இருந்தாலும் மனசு மற்ற ஊரில் கிடந்தது.

மறுபடி பார்க்கிற வேலையில் அவளுக்கு வந்தவர்களில் ஒருவர் வைத்திலிங்கம். ஈச்சங்காட்டுப் பக்கம் வீடு. வாரத்தில் சில நாள் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர். முதல் தடவை வேறொருவர் கேட்டபோது ஊசி போட்டதாகச் சொல்லியிருந்தார். எங்கே போட்டீர்கள் ஐயா என்று ஜான்சி கேட்டதும், அவர் மனைவி இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் போற ஆஸ்பத்திரி ஊசி ரூமுல ஒரு நர்ஸம்மா இருக்குது. போன தடவ வந்தப்பவும் சொன்னேன், இந்தத் தடவயும் சொல்றேன், போட்டுக்கங்கன்னு தலைபாடா அடிச்சிக்கும். நான் போட்டுக்கல. அது சொல்லலன்னு எழுதிடப் போறாங்கன்னு ஆமான்னுட்டேன். அது மேல ஒரு கொறையும் இல்லம்மா."

யார் மேலும் குறை எழுதவில்லை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினாள். ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று கேட்டாள். ஏற்கெனவே உடம்பெல்லாம் ஊசிதானே, இன்னொன்று எதற்கு என்றிருந்ததாம். அதற்குச் சொல்ல அவளிடம் எதிர்வாதம் இருந்தது. ஆனால் அவர் கையில் வீங்கித் தடித்திருந்த நரம்பைப் பார்த்தபடி, டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள் ஐயா என்று மட்டும் சொன்னாள்.

ஓர் அம்மா, மகன் வெளிநாட்டிலிருந்து வற்புறுத்தியதால், உண்மையாகவே போட்டிருந்தார். சீட்டை எடுத்துக் காட்டினார். அடுத்த தெருவில் ஒருவர், போடவில்லை என்று சொன்னால் அங்கேயே போட்டுவிடுவார்களோ என்று பயந்து ஆமாம் என்றிருக்கிறார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஜான்சியும் சிரித்துவிட்டாள். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சத்திலும் இப்படி ஒவ்வொன்றாக உதிர்ந்தால் என்ன மிஞ்சும்?

சின்னையனைப் பார்க்க வந்தவள் இளவரசி என்ற வேறொரு பெண். அவள் வந்த சாயங்காலம் ஜான்சி வீட்டில்தான் இருந்தாள். தான் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினாள். தெருமுனை வரை நடந்தாள். டீக்கடையில் அப்பாவின் டெப்போ நண்பர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். பதில் சொல்லிக்கொண்டே வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அப்பா என்ன சொல்லிக்கொண்டிருப்பார்? மறுபடி ஆமாம் என்றுதான் சொல்வார். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், எம் பொண்ணு எவ்வளவு சொல்லியும் நான்தான் கேட்கவில்லை என்று இன்னொரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். ரயிலடிப் பக்கம் போய்த் திரும்பி வரும்போது இளவரசி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஜான்சியைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜான்சி உள்ளே போனாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னா சொன்னேன்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாதுப்பா."

"எந்தக் கையில போட்டாங்கன்னு கேட்டுச்சி அந்தப் பொண்ணு. எனக்குச் சொல்லத் தெரியல. பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் வெவரம் வேணும் போல. போடலம்மா, அன்னிக்கி எம் பொண்ணுக்காவ அப்படிச் சொல்லிட்டேன்னு உள்ளதச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். மழை இல்லை, ஆனால் பிழிந்தாள்.

"ஒனக்கு ஒன்னும் கெட்ட பேரு வராதுல்ல?"

"வராதுப்பா."

"அப்ப என்னாத்துக்கு அழுவுற?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா, நான் மறந்துபோகவில்லை, தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டேன் என்றாள். அவர் அவள் தலையில் கைவைத்தார். எனக்கும் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் பிடிக்காது, நீ வந்து கூப்பிட்டிருந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பேன் என்றார். அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

உடம்பு முழுசாகத் தேறியதும் கிளினிக்குக்குப் போனார்கள். வந்து போன பிறகு எதற்கு ஊசி என்று சின்னையன் கேட்டார். இந்தக் காய்ச்சலில் பல வகை உண்டு, ஒன்று வந்ததால் மற்றது வராது என்று இல்லை என்று டாக்டர் சொன்னார். இடது கையில் போட்டார்கள். அவர் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. ஜான்சிதான் நர்ஸ் பஞ்சை எடுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் கணக்கு முடிந்தது. முதல் தடவை ஆமாம் என்றவர்களில் பாதிக்கு மேல் இரண்டாம் தடவை இல்லை என்றிருந்தார்கள். டாக்டர் சந்திரலேகா இரண்டையும் தனித்தனியாக எழுதினார். சொன்னவர்கள் இவ்வளவு, உண்மையில் போட்டுக்கொண்டவர்கள் இவ்வளவு. சிதம்பரத்தில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டினார். கலைமணி தலையைக் குனிந்திருந்தான். ஜான்சிக்கு அந்தச் சின்ன எண்ணைப் பார்க்கப் பார்க்க வெளியே எழுந்து போக வேண்டும் போல இருந்தது. ஆனால் அது பொய்யில்லாத எண் என்பதும் தெரிந்தது. டாக்டர் அடுத்த ஆய்வுக்கு விருத்தாசலம் பக்கம் மங்கலம்பேட்டையை எடுக்கப் போவதாகச் சொல்லி, வருவீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றாள். ஆனால் சனிக்கிழமைகளில் முடியாது, சிதம்பரம் போக வேண்டும் என்றாள்.

கூட்டம் முடிந்து கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நேரத்தில் மாரியம்மாள் போன் செய்தாள். அப்பாவுக்கு என்னவோ என்று பதறிப்போய் எடுத்தாள்.

"அவுருக்கு ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்காரு. டீக்கடையில ஒக்காந்து எல்லாருக்கும் ஊசிக் கத சொல்லிக்கிட்டு இருக்காரு. எனக்கும் வீசிங் இருக்குதே ஜான்சி, நான் போட்டுக்கலாமா? எதுத்த வீட்டுக்காரரும் கேக்குறாரு, அவுருக்கும் சக்கர."

போட்டுக்கொள்ளலாம், ஆனால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு, சனிக்கிழமை காலையில் வருகிறேன், கிளினிக்கில் மருந்து இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைக்கிறேன், மூன்று பேரும் சேர்ந்து ஆட்டோவில் போவோம் என்றாள். பஸ் கிளம்புவதற்குள் கிளினிக் நம்பரைத் தேடி எடுத்தாள்.